ஒத்திகை இருமல்

காட்டூரில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக டிவி வந்தபோது, அதன் அட்டைப்பெட்டியை என் மகன் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். எண்பதுகளின் நடுவில், அவன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருடம். மாதா கோயில் திருவிழா மேடைக்கு அவனும் நண்பர்களும் ஒரு சிரிப்பு நாடகம் தயாரித்தார்கள். பெட்டியின் முன்பக்கத்தை வெட்டிவிட்டு இரண்டு பையன்கள் அதற்குள் தலையை நீட்டிக்கொள்வார்கள். அவர்கள்தான் டிவியில் வரும் பட விமர்சகர்கள். மேடையில் 'தாயின் இருமல்' என்ற படம் ஓடும். நடுநடுவே அதை நிறுத்தி விமர்சனம் செய்வார்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு டப்பா பவுடர்தான். கவிழ்த்துப் போட்ட முக்காலி தையல் மெஷின். என் பழைய வெள்ளை நூல் புடவையைச் சுற்றிக்கொண்டு, என் மகன்தான் தாய். ஒவ்வொரு வசனத்துக்கும் முடிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும்.

நான் சின்னத் தும்மலுக்கே பிள்ளையை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிறவள். அவன் அப்பாவுக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் பயமெல்லாம் என் பங்கு. குளியலறையிலிருந்து இருமல் கேட்ட முதல் நாள், அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன்.

"என்னடா இருமல்?"

"ஒத்திகைம்மா!"

அதற்குப் பிறகு எப்போது இருமினாலும் கூடவே ஒரு வசனம் வரும். "மகனே, நீ கலெக்டராகி வர்ற வரைக்கும் இந்த உசுரு..." என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க இருமி முடிப்பான். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பேன். "இன்னும் கொஞ்சம் இழுடா" என்று சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் டீச்சராக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது காற்று அடித்ததும் இருமினான். பஸ்ஸில்கூட ஒத்திகையை விடமாட்டேன் என்கிறானே என்று எனக்குப் பெருமை. டீச்சர் வீட்டுக் கூடத்தில், அவர்கள் எல்லோருக்கும் முன்னால், "அந்த அம்மா இருமல ஒருதரம் பண்ணிக் காட்டுடா" என்றேன்.

செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் எழுந்து போய் ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டு வந்தார்.

"போறும்டா கொழந்தே, தொண்டை புண்ணாயிடப்போறது. இதைக் குடி."

"நடிப்புதான் டீச்சர்," என்றேன் நான்.

"நடிப்புதான், இல்லேங்கல. வேர்த்திருக்கே கொழந்தைக்கு."

திருவிழா அன்று கூட்டம் தாங்கவில்லை. நாடக டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதும் பெட்டிக்குள் இருந்த ஒருவன், "டாக்டருக்கே கண்ணு சரியில்ல போலிருக்கு" என்றான். மற்றவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாயின் நடிப்பு பரவாயில்லை. ஆனா இடைவேளைக்கு அப்புறம் இருமல்ல ஒரு தொய்வு தெரியுது" என்றான். என் மகன் எழுந்து நின்று, அவனைப் பார்த்து நீளமாக இருமினான். கைதட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து.

அடுத்த நாள் காலை சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். குளியலறையில் இருமல் கேட்டது. வழக்கம்போல் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"நாடகந்தான் முடிஞ்சிருச்சேடா?"

உள்ளே குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலும் இருமல் கேட்டது. இந்தமுறை வசனம் வரவில்லை.

டவுனில் இருந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என் மகன் என்னைப் பார்த்தான். அந்த நிலையிலும் அவன் உதட்டோரத்தில் சிரிப்பு. என்னால் சிரிக்க முடியவில்லை.

"டி.பி.தாம்மா. பயப்படாதீங்க, குணமாயிரும். எத்தனை நாளா இருமுறான்?"

அவன்தான் சொன்னான், "ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும் சார்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டேன். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நாடகத்துக்கு விடமாட்டியே. அப்புறம்..." செருப்பால் தரையைத் தேய்த்தான். "நீ சிரிச்சியேம்மா."

தினமும் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. வாய் கசக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவான். அவன் தூங்கும்போது மூச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஊரிலிருந்து வந்த அவன் அப்பா, "நீ எப்படி கவனிக்காம விட்டே?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கும்தான். இருமலை நான் கேட்காமல் இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டேன், ரசித்தேன், வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த திருவிழாவில், கூட்டம் கேட்டதற்காக அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். தாய் வேஷம் வேறொரு பையனுக்கு. என் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பில் புரையேறி இரண்டு முறை இருமினான். நான் திரும்பிப் பார்த்தேன்.

"புரையேறிடுச்சும்மா. ஒண்ணுமில்ல."

மறுநாள் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த மாதமும் போனோம். பஸ்ஸில் அவன் ஜன்னல் சட்டத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, நாடகத்து டிவி விமர்சகனின் குரலில், "கதை பழசு. ஒரே சீன் திரும்பத் திரும்ப வருது" என்றான்.

"பேசாம வா," என்றேன்.