வேலையிடத்தில் அக்கா கிடையாது

மலேசியாவின் அலோர் காஜாவில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வேலையிட ஒழுக்கம் என்ற பாடத்தை நடத்துகிறேன். வாழ்நாளில் வேறெந்த வேலையும் பார்த்திராத எனக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் அமையாது. என் முதல் கட்டளை: அண்ணே, அக்கா, மாமா என்று யாரையும் கூப்பிடக் கூடாது. மலாய் மரியாதைப்படி ஆண் என்றால் என்சிக், பெண் என்றால் புவான். "அது கம்பெனி, உங்க வீட்டுக் கல்யாணம் இல்ல" என்பேன். வகுப்பு சிரிக்கும். சிரிக்காவிட்டால் மறுபடியும் சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவி. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனாள். முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். சூப்பர்வைசர் பெண்மணியோ, "இவ வேணாம்" என்றுவிட்டார். சமாதானம் பேச நான் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

கேண்டீனில் மூவரும் உட்கார்ந்தோம்.

"வேலைல குறையே இல்ல சார். திமிருதான். மத்த தமிழ்ப் புள்ளைங்கல்லாம் அக்கானு கூப்பிடுதுங்க. இவ மட்டும் புவான், புவான்னு. நா என்னா போலீஸ் ஸ்டேஷன்லயா உக்காந்திருக்கேன்? யாரு சார் இப்படி சொல்லிக் குடுத்தது?"

மாணவி என்னைப் பார்த்தாள். நான் என் தட்டிலிருந்த மீ கோரேங் நூடுல்ஸைப் பார்த்தேன்.

இத்தனை ஆண்டுப் பாடத்தை ஒரு நொடியில் கைகழுவினேன். "மன்னிச்சிருங்க அக்கா" என்றேன், குழைந்துபோய்.

அவர் முகம் கறுத்தது. என் வழுக்கையை நிதானமாக ஒருமுறை பார்த்தார். "நா உங்களுக்கு அக்காவா?"

என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர் என்பது அப்போதுதான் உறைத்தது. முக்கால்வாசி போயிருந்த வேலையை முழுசாக அனுப்பிவைத்துவிட்டேன்.

மாணவிதான் வாயைத் திறந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்கக்கா. சார் கண்ணாடிய கார்லயே வச்சிட்டு வந்துட்டாரு. அவரு ஒரு மாரி, ஆனா நல்லவரு லா."

கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது.

சூப்பர்வைசர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "இத்தன நாளா இந்த வாய எங்கடி வச்சிருந்த? திங்கக்கிழம ஆபிஸுக்குப் போ. நா சொல்லி வைக்கிறேன்."

எழப்போன என் தோளைத் தட்டி உட்காரவைத்தார்.

"சாப்ட்டுட்டுப் போங்க அங்கிள்."

வேலையிடத்தில் உறவுமுறை கூடாது என்று சொல்ல வாய்வரை வந்தது. மீ கோரேங்கை வைத்து அடைத்துக்கொண்டேன்.