மச்சான் பார்த்த மீன்கள்

நீச்சலில் மட்டும்தான் என் மச்சானை நான் ஜெயித்திருந்தேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். படிப்பு, பேச்சு, தலைமுடி, போர்வெல் ரிக் தொழிலில் போட்ட பங்கு என்று மற்ற எல்லாவற்றிலும் அவர் எனக்கு மேலே. "எம்பையன் சும்மா நின்னாலே நாலு பேருக்கு நெழலு" என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்வார். மருமகனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நான் மேட்டிலிருந்து குதித்தால் மோட்டார் ரூம் சுவர்வரை தண்ணீர் தெறிக்கும். அவரோ கடைசிப் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வார். அந்த ஒரு காட்சிக்காகவே அவர் விருந்துக்கு வரும்போதெல்லாம் கிணற்றுக்கு இழுத்துப் போவேன்.

எண்பதுகளின் நடுவில், ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ரிக் வண்டி கப்பலேறி அந்தமானுக்குப் போனது. கூடவே நாங்கள் இருவரும் போனோம். போய்ச் சேர்ந்த வாரமே கம்ப்ரஸர் மக்கர் செய்தது. சாமான் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், அதுவரை வேலை இல்லை. பக்கத்துத் தீவுக்குப் படகில் கூட்டிப்போய்க் கடலுக்கடியில் மீன் காட்டுகிற தமிழ் ஆள் ஒருவர் இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள்.

மச்சான் தயங்கினார். "நமக்கெதுக்குங்க மாப்ள? கரையில நின்னு பாத்தாப் போதாதுங்களா?"

"நான் இருக்கறனுங்கல்ல மச்சான், வாங்க" என்றேன். கேட்டவர் பாசம் என்றுதான் நினைத்திருப்பார். அவர் பயந்து நடுங்குவதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும், ஊருக்கு வந்து என் மனைவியிடம் நடித்துக் காட்ட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆள் ஒடுங்கி உட்காரும் அகலத்தில் இரண்டு படகுகள். முன்னதில் அந்தப் படகுக்காரர். பின்னதில் நாங்கள், ஆளுக்கொரு துடுப்போடு. நான் முழு பலத்தோடு இழுக்க, படகு செக்கு மாடு போல நின்ற இடத்திலேயே சுற்றியது.

"மாப்ள, கடலு எங்கீம் ஓடிப் போவாதுங்க. மெதுவா" என்றார் மச்சான்.

தீவை ஒட்டிய ஆழமில்லாத இடத்தில் படகுக்காரர் நிறுத்தினார். ஆளுக்குக் கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி ஒன்று, வாயில் கடித்துக்கொள்ளக் குழாய் ஒன்று கொடுத்தார். மச்சானுக்கு மட்டும் காற்றடைத்த லாரி டியூப். "கை காலை அடிக்காதீங்கண்ணே. மொகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சுட்டு சும்மா கெடங்க. மீனு தானா வரும்" என்றார்.

சும்மா கிடப்பதா? தண்ணீரில் சும்மா கிடப்பவனை எங்கள் ஊரில் கயிறு கட்டித்தான் மேலே தூக்குவார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கறுப்பு. உள்ளே பார்க்க ஒன்றும் இல்லாததால் பார்ப்பதற்கு யாரும் நீச்சல் பழகியதில்லை. குதிப்பது, முங்குவது, அடித்துக்கொண்டு கரையேறுவது, அதுதான் எங்களுக்கு நீச்சல். முழங்காலை மடக்கிப் படகு விளிம்பிலிருந்து தொம்மென்று குதித்தேன். குழாய் வழியாக உப்புத் தண்ணீர் நேராகத் தொண்டைக்குப் போனது. கண்ணாடி கழன்றது. நான் உதைத்த உதையில் அடிமணல் கிளம்பி, கடல் நீர்மோர் போலக் கலங்கியது. பவளப்பாறை பாதத்தைக் கிழித்தது. இருமிக்கொண்டே படகைப் பிடித்தேன்.

மச்சான் டியூபை நெஞ்சுக்கடியில் வைத்து, சொன்னபடி அப்படியே கிடந்தார். பயத்தில் கைகால் அசையவில்லை. அதுவே அவருக்கு வாய்ப்பாகிவிட்டது.

"மாப்ள! மஞ்சக் கலரு, மேல கருப்புக் கோடுங்க! கூட்டமா நம்ம கைகிட்டயே வருதுங்க!" கத்திவிட்டு மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, "இதா ஒண்ணு, பச்சக்கிளியாட்டம்!"

என் காலில் படகுக்காரர் துணி சுற்றிக்கொண்டிருந்தார். "ரத்தத்தோட மறுபடி எறங்க வேண்டாம்ணே" என்றவர், கடல் பக்கம் திரும்பி, "அவருக்குத் தண்ணி நல்லாப் பழக்கமோ?" என்றார். அந்த மீனெல்லாம் செத்துத் தொலையட்டும் என்றுகூட நினைத்தேன். அரைமணி நேரம் நான் பார்த்தது மச்சானின் முதுகை மட்டும்தான்.

ஊர் வந்து சேர்ந்ததும் வீடு நிறைய ஆட்கள். என் மனைவி முந்திக்கொண்டாள். "ஏனுங்க, கடலுக்குள்ள என்னென்ன பாத்தீங்க? அண்ணன் நெம்பப் பயந்துட்டாருங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொன்னார்: "எனக்குக் கை காலே ஆடலம்மா, டியூபப் புடிச்சுட்டு மேலாக்கக் கெடந்தேன். மாப்ளதான் அடி வரைக்கும் போனாரு. அவரையே கேளு."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. சொன்னேன். மஞ்சள் மீன், கருப்புக் கோடு, கிளி மாதிரி ஒன்று, எல்லாம் அவர் கத்திச் சொன்ன வார்த்தைகள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மாமியார்கூட வாய் பிளந்து கேட்டார். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். வேகத்தில் கிளி மீனைச் சிவப்பு என்று சொல்லிவிட்டேன். சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்கும் தலையாட்டினார். திருத்தியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.