முதல் வரி

மருத்துவமனையின் சர்வர் அறையைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் ‘தொடைநடுங்கி’. வைத்தவர்களுக்கு என்ன, அவர்கள் கணக்குத் தப்பினால் யாரும் சாகப்போவதில்லை. சர்வரின் பிராசஸரில் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. எப்போதாவது, சத்தம் காட்டாமல், கணக்கைத் தப்பாகப் போடும். அதைச் சரிக்கட்டும் மைக்ரோகோடு திருத்தம் என்ற குட்டி நிரல் மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும், மற்றதெல்லாம் விழிப்பதற்கு முன்பே அதை ஊட்டியாக வேண்டும். ஊட்டியாயிற்று என்று பூட் பதிவின் முதல் வரி சொல்லும். அதைப் படிக்காமல் அவள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

இன்று காலை புதுத் திருத்தத்தை ஏற்றி சர்வரை மறுபடி கிளப்பிய நேரம் பார்த்து மகளின் பள்ளியிலிருந்து போன். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் முதல் வரியைக் காணோம். பூட் கோப்பைத் திறந்து பார்த்தாள். அதன் முன்னால் ஒட்டவேண்டிய திருத்தத்தைப் பின்னால் ஒட்டியிருக்கிறாள். பின்னால் இருந்தால் சர்வர் அதைக் கண்டுகொள்ளாது.

அந்த சர்வரில் ரிசல்ட்டைக் கணக்கிடும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினாள். “ரிசல்ட் எதையும் வெளிய குடுக்காதீங்க!”

“மெஷின்தான் நல்லா ஓடுதேம்மா, எதுக்கு இந்தப் பயம்?” என்றார் கூடத்தின் தலைவர்.

“நின்னிருந்தா பயந்திருக்க மாட்டேன் சார். நாப்பது நிமிஷமா ஓடிக்கிட்டுல்ல இருக்கு!”

பிரிண்டர் இன்னொரு ரிசல்ட் தாளைத் துப்பியது.