சட்டி துழாவிய சீனரும் எங்கள் மாப்பிள்ளையும்

இந்த ஆனி மாதம் எங்கள் வாசிகசாலையில் ஒரு சீனருக்கு அப்படியொரு கைதட்டு விழுந்தது. சீனர் வரவில்லை. வரவும் முடியாது — அவர் மலாயாவில் சகல மரியாதைகளோடும் அடக்கமாகிச் சில காலம் ஆகிறது. அவருடைய கதைதான் வந்தது.

கொண்டுவந்தவர் பென்ஷனியர் நாகலிங்கம். அந்தச் சீன முதலாளியின் கந்தோரில் தலைமைக் கிளார்க்காக இருந்து, ஓய்வுபெற்று, சாவகச்சேரியில் மாடிவீடு கட்டியிருப்பவர். பேச அழைத்தவன் நான். இந்தப் பக்கத்துக்கு வாரந்தோறும் வருகிறவர்களுக்கு என் வாசிகசாலைப் பைத்தியம் புதிதல்ல. ஆனால் இந்த முறை அழைப்பில் ஒரு சூழ்ச்சியும் இருந்தது.

என் நண்பன் தில்லைநாதன் நாகலிங்கத்தாரின் தங்கை மகன். அவருடைய ஒரே மகள் புவனேஸ்வரி அவனுக்கு மச்சாள். சின்ன வயதிலேயே பேசிவைத்த சம்பந்தம். இரண்டு பேருக்கும் சம்மதம். பையன் லண்டன் மற்றிக்குலேஷன் பாஸ். வேறென்ன வேண்டும்?

வேண்டியிருந்தது. பாஸ் பண்ணியவன் எந்தக் கந்தோருக்கும் விண்ணப்பம் போடவில்லை. வளவு மூலையில் கொட்டில் போட்டு, பெரிய செப்புக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, மாம்பழ ஜாம் காய்ச்சத் தொடங்கிவிட்டான்!

ஏன் ஜாம்? தென்மராட்சியாருக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் மாம்பழக் காலத்தில் சாவகச்சேரிச் சந்தைக்கு ஒரு மத்தியானம் வந்து பாருங்கள். காலையில் மனிதர் வாங்காமல் விட்ட கறுத்தக்கொழும்பான் பழத்தை மத்தியானம் மாடு தின்றுகொண்டிருக்கும். அதைக் காய்ச்சிப் போத்தலில் அடைத்தால் கொழும்புக்கு விற்கலாம் என்று தில்லை கண்டுபிடித்தான். கொழும்பில் ஒரு பெரிய கடைக்காரர் ருசி பார்த்துவிட்டு, எவ்வளவு என்றாலும் அனுப்பச் சொல்லிவிட்டார்.

நாகலிங்கத்தாரும் சொல்லிவிட்டார். சட்டி துழாவுகிறவனுக்குப் பெண் இல்லை.

இப்போது என் சூழ்ச்சி விளங்குகிறதா? சீன முதலாளியின் கதையை அவர் வாயாலேயே மேடையில் சொல்லவைப்பது. சொன்ன வாயால் மருமகனை எப்படி மறுப்பார்? எனக்கு என் மூளையைப் பற்றி அப்போது நல்ல அபிப்பிராயம் இருந்தது.

பென்ஷனியர் நன்றாகவே பேசினார். அதை மறைக்கக் கூடாது. சீனாவின் தென்கரையில் ஏதோவொரு மீன்பிடி ஊர். பஞ்சம். மீசை முளைக்காத பையன் கப்பலின் அடித்தட்டில், பன்றிக் கூடைகளுக்குப் பக்கத்தில் படுத்துச் சிங்கப்பூர் வந்து இறங்குகிறான். மாற்றிக் கட்ட உடுப்பு இல்லை. அரிசிக் கடையில் மூட்டை சுமக்கிறான். அந்த மூட்டைகளின்மேலேயே தூங்குகிறான். பிறகு ஈயச் சுரங்கக் கூலிகளுக்குக் கஞ்சி சுமந்து விற்கிறான். றப்பர்க் கன்றுகளுக்கு இடையில் போட்ட அன்னாசி வாங்க ஆளில்லாமல் அழுகுவதைப் பார்க்கிறான்...

ஓர் ஓலைக் கொட்டில். ஒரு சட்டி. சீனிப்பாகு. அடைக்கத் தகரப்பேணி. அவ்வளவுதான் முதல்! அதிலிருந்து றப்பர்த் தோட்டம், சப்பாத்துப் பக்டரி, சொந்தக் கப்பல், பிறந்த ஊருக்குப் பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. காகிதங்களில் முத்திரைதான் குத்துவார். ஆனால் கவர்னர் விருந்து வைத்தால் அவருக்கு முன்வரிசைக் கதிரை.

"கடைசி மட்டும், சபையோரே, அந்த மனுசன் பக்டரிக்கு வந்தால் கோட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டு, தானே அகப்பையை எடுத்துப் பாகைத் துழாவி நாக்கிலை வைச்சுப் பாப்பார். கோடீசுவரன்! அதெல்லோ தொழில் பக்தி!"

கூரை அதிர்ந்தது. பின்வாங்கில் இருந்த தில்லை தன் கைவிரல்களைப் பார்த்தான். பாகு தெறித்த கொப்புளங்கள்.

நான் எழுந்தேன். "ஐயா, எங்கடை தென்மராட்சியிலை அப்பிடி ஒருத்தர் வரமாட்டாரோ?"

"ஏன் தம்பி வரமாட்டார்? பழமில்லையோ? சீனியில்லையோ? எங்கடை பொடியளுக்கு முயற்சி காணாது. எல்லாருக்கும் கதிரை வேணும், பேனை வேணும்!"

ஆகா, மாட்டிக்கொண்டார்!

அடுத்த நாள் காலை ஒரு போத்தல் புது ஜாமோடு நானும் தில்லையும் அவன் தாயாரும் மாடிவீட்டுக்குப் போனோம். புவனேஸ்வரியின் தாயார், தில்லைக்கு மாமி, பாண் வெட்டிவைத்தார். நாகலிங்கத்தார் ஜாமைத் தடவித் தின்றார். இன்னொரு துண்டும் எடுத்தார்.

"உண்மையைச் சொன்னால், இங்கிலீசுக்காரன்ரை ஜாம் உதுக்குக் கிட்ட நிக்கேலாது."

"அப்ப மாமா..." என்று தில்லை தொடங்கினான்.

"என்ன அப்ப?"

நான் குறுக்கே பாய்ந்தேன். "நேற்று நீங்கள் சொன்ன முதலாளியும் உப்பிடித்தானே ஐயா தொடங்கினவர்? கொட்டிலும் சட்டியும்?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

"தம்பி, அவர் சீனர். சீனர் சட்டி துழாவலாம், கஞ்சி விக்கலாம், கப்பலும் விடலாம். அவரைக் கண்டால் நான் எழும்பி நிப்பன். ஆனால் எங்களுக்கெண்டு ஒரு வரிசை இருக்கெல்லோ?"

மாமி இன்னும் நேராக வந்தார். "கலியாணக் காட்டிலை என்னெண்டு அடிக்கிறது? மாப்பிள்ளை, மாம்பழம் காய்ச்சிறவர் எண்டோ? சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

வெளியூர் வாசகர்கள் கவனிக்க. எங்கள் குடாநாட்டில் கலியாணக் காகிதத்தில் மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே ஒரு வரி உண்டு. கச்சேரி, தபால் கந்தோர், புகையிரதப் பகுதி, மலாயா... பெண்ணுக்குத் தாலி கட்டுவது அந்த வரிதான். மேலே இருக்கும் பெயர் ஆருடையதாக இருந்தாலும் பரவாயில்லை.

"புவனேசை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்றான் தில்லை.

"அவளை என்னத்துக்குக் கேக்கிறது?" என்றார் மாமி.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது.

நாகலிங்கத்தார் வழி சொன்னார். "முதலாளியின்ரை மூத்த மகன்தான் இப்ப பொறுப்பிலை. நான் ஒரு சொல்லு எழுதினால் கந்தோரிலை இடம் வரும். போய் இருந்திட்டு லீவிலை வந்து தாலியைக் கட்டு. ஏலாதெண்டால் சொல்லு. கச்சேரிக் கிளாக்கர் ஒருத்தற்றை சாதகம் வந்து கிடக்குது. தையிலை முடிச்சுப்போடுவன்."

"இந்த ஒரு வருசத்தைத் தாங்கோ மாமா. கொழும்பிலை ஓடர் கிடைச்சிருக்கு. சரிவராட்டில் நானே கப்பலேறுறன்."

"சரிவந்தால்தான் மோனை எனக்குப் பயம். பிறகு நீ உந்தச் சட்டியை விடமாட்டாய்."

வாசகர்களே, அந்த வாக்கியத்தை இன்னொரு முறை வாசியுங்கள். தோற்றால் பரவாயில்லை. வென்றுவிடுவானோ என்றுதான் பயம்!

தில்லை தாயைப் பார்த்தான். அவர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். "பெடியா, நான் பிறந்த வீட்டுப் படலையை எனக்குப் பூட்டிப்போடாதை" என்றார். அதற்குமேல் யாருக்கு வாதம் வரும்?

எனக்கு வந்தது. திரும்பும் வழியில் பொரிந்தேன். "உதுகளை விட்டெறி மச்சான்! அந்தச் சீனன் ஆரையும் கேட்டோ கப்பலேறினவன்?"

"அவனுக்கென்னடா" என்றான் தில்லை. "சிங்கப்பூரிலை அவனுக்கு ஒரு மாமா இருந்திருந்தால் அவனும் கிளாக்கர்தான்."

நான் படித்த புத்தகங்களில் எங்கும் இது இல்லை. சுயமாக முன்னேறியவர்களின் சரித்திரம் எல்லாம் அவர்களுடைய பொறுமையையும் சிக்கனத்தையும் புகழ்கிறது. அவர்களை அறிந்தவர் ஒருவரும் பக்கத்தில் இல்லாத பாக்கியத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. சட்டியோடு நின்ற பையனைப் பார்த்து, "இன்னாருடைய மகனல்லவா இவன்?" என்று கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை. இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள்.

முயற்சியை நாங்கள் மதிக்காதவர்கள் அல்ல. மிகவும் மதிக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை — முயன்றவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். செத்திருந்தால் இன்னும் நல்லது.

மலாயாவிலிருந்து பதில் வர அதிக காலம் எடுக்கவில்லை. கிடாரத்தைக் கோயில் மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கொட்டிலில் இப்போது விறகு கிடக்கிறது. போன செவ்வாய்க்கிழமை தில்லையைக் கொழும்புக் கோச்சியில் ஏற்றிவிட்டோம். கோட்டும் தொப்பியுமாக நல்ல வடிவாகத்தான் இருந்தான். புவனேஸ்வரி ஸ்டேஷனுக்கு வரவில்லை. வரவிட மாட்டார்கள்.

"கந்தோரிலை என்ன பகுதியடா?" என்று யன்னலுக்குக் கிட்டப் போய்க் கேட்டேன்.

"இலங்கைப் பகுதி. இங்கத்தைக் கடையளுக்கு அன்னாசிப்பேணி விக்கிறதுக்குக் காயிதம் எழுதவேணும்."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. வண்டி நகர்ந்தது.

நாகலிங்கத்தார் சால்வையைச் சரிசெய்துகொண்டு என் தோளில் தட்டினார். "பாத்தியோ தம்பி, பொடியன் முன்னுக்கு வந்திட்டான்!"

இனி நம்மூர்க் கடைகளில் மலாயா அன்னாசி நிறையவே கிடைக்கும். தில்லை எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல.