வட்டப் பட்டன்

மகனின் கேம் கன்ட்ரோலரை நேற்றுத் துடைத்தபோது, சூடேறிய பிளாஸ்டிக்கும் கை வியர்வையும் கலந்த வாசனை வந்தது. இலங்கை மலையகத்து வட்டகொடை ரயில் ஸ்டேஷன் பக்கத்தில், ரேடியோ திருத்தும் கடையின் பின்னறையில் சிறுவயதில் நாங்கள் காசு கொடுத்து ஆடிய கேம் கடையிலும் இதே வாசனைதான், கூடவே காயாத கம்பளிச் சட்டைகளின் ஈர நெடியும். இன்று அந்தக் கட்டடமே இல்லை.

ஜப்பான் கார்ட்டூனிலிருந்து வந்த சண்டை கேம் அது. எழுத்து புரியாததால் வீரர்களைத் தலைமயிரின் நிறத்தை வைத்தே அடையாளம் சொல்வோம். இருவரும் உள்ளங்கையிலிருந்து ஒளியை வீசுவார்கள், இரண்டும் நடுவில் முட்டி நிற்கும், வட்டப் பட்டனை வேகமாகத் தட்டுகிறவரின் ஒளி மற்றவரை விழுங்கிவிடும். அதில் அக்கா என்னிடம் தோற்றுக்கொண்டே இருப்பாள். எனக்குத் திமிர்தான்.

பிறகு அப்பா கால் முறிந்து படுக்க, அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுக் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தாள். நான் கேட்கும்போதெல்லாம், அப்பா எழுந்ததும் திரும்பப் படிப்பாள் என்று அம்மா சொல்வார். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் மறுபடி என்னுடன் ஆட வந்தாள். மூன்று சண்டையிலும் என் ஒளி நொடியில் அணைந்தது. அவள் விரல் தட்டுவதே கண்ணுக்குத் தெரியவில்லை.

"எப்படிக்கா?" என்றேன்.

"மழையிலயும் பறிக்கிறோம்ல. இது என்னடா," என்றாள்.

அவள் வைத்துவிட்டுப் போன கன்ட்ரோலரை எடுத்துப் பார்த்தேன். வட்டப் பட்டனில் கொழுந்துக் கறை. அக்கா எப்போது பள்ளிக்கூடம் வருவாள் என்று அதற்குப் பிறகு நான் அம்மாவிடம் கேட்கவில்லை.