இறப்புச் செய்தியில் என் வீட்டுக்காரர் பெயர்

கணினியில் குடும்பம் நடத்தும் விளையாட்டு ஒன்றைத் தமிழாக்கி இணையத்தில் ஏற்றியவள் நான். அதன் சொற்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். பெயர் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறியை வைத்துவிட்டால், அந்தந்தப் பாத்திரத்தின் பெயரை விளையாட்டே நிரப்பிக்கொள்ளும்.

தமிழ் எழுத்து திரையில் வரும் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்க, ஒரே ஒரு வரியில் குறியை எடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டேன். நான் வாயால் சொல்லாத பெயர். விரலால் தட்டினால் குற்றமில்லை என்று நினைத்தேன். அப்போது கையில் இருந்தது இறப்புச் செய்தி வரி. திருத்த மறந்து அப்படியே ஏற்றிவிட்டேன்.

மறுநாள் மாலை சேலத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "ஏனுங்க, ஆட்டத்துல யாரு செத்தாலும் 'சலீம் இறந்துவிட்டார்'னே வருதுங்க. யாருங்க அந்த சலீம்?"

நாங்கள் இருக்கும் ஏற்காடு முழுக்க அன்று மூடுபனி. என் வீட்டுக்காரர் மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குப்பனூர் பாதையில் வேனில் இறங்கியிருந்தார். போன் போகவில்லை. அந்த வரியைத் திருத்தி ஏற்றினேன். மறுபடி அழைத்தேன், அப்போதும் போகவில்லை. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடினேன்.

ஏழு மணிக்கு நனைந்தபடி வந்து நின்றார். "வளைவுல மரம் உழுந்து கெடந்துச்சு. ஏம்புள்ள, மொகம் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. பழைய கோப்பைப் பதிவிறக்கியவர்களின் வீட்டில் அவர் இன்னும் இறந்துகொண்டிருக்கலாம். இப்போதெல்லாம் சோதித்துப் பார்க்க என் பெயரைத்தான் போடுகிறேன்.