விட்ட இடத்திலிருந்து

இடது கை பழைய இழையின் நுனியைத் தூக்குகிறது. வலது கை புது இழையின் நுனியைக் கொண்டு வருகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததும் கட்டைவிரல் ஒருமுறை உருள்கிறது. மடித்து இன்னொருமுறை உருள்கிறது. அவ்வளவுதான், இழை ஒன்றாகிவிட்டது. முடிச்சு கிடையாது. முடிச்சு போட்டால் சீப்பு மாதிரி இருக்கும் தறியின் அச்சில் போய்த் தட்டும், அறுந்துபோகும். வெறும் முறுக்குத்தான். விரல் வழுக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு தகரடப்பாவில் சலித்த சாம்பல். அதில் விரலைத் தொட்டுத் தொட்டு எடுப்பதால் நகக்கண் எல்லாம் எந்நேரமும் நரைத்துக் கிடக்கும்.

சின்னாளபட்டியில் ஒரு தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்துவிட்டால் சரஸ்வதிக்கு ஆள் வரும். தீர்ந்த பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைப் பிணைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு சேலையின் அகலத்துக்கு ஆயிரக்கணக்கில் இழைகள். காலையில் தறிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். காற்றாடி போடக் கூடாது. விரல் வேர்க்கவும் கூடாது. வேலை நடக்கும்போது அவள் பேசவும் மாட்டாள். மூச்சு பட்டால் இழை அலையும் என்பாள். அலைந்தால் ஓர் இழை தப்பும். ஓர் இழை தப்பினால் அதற்கப்புறம் வருவதெல்லாம் ஒன்று தள்ளிப் போகும். சேலை முழுக்க அந்தக் கோளாறு தெரியும். அப்படித் தப்பியது தெரிந்தால் அவள் ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதில்லை. பிணைத்ததையெல்லாம் பிரித்துக்கொண்டே தப்பிய இடத்துக்குப் போவாள். அங்கிருந்து மறுபடி ஆரம்பிப்பாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வேலை முடிந்தும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் மடிந்தது மடிந்தபடி நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். "என்ன மதினி, பாவோட சேத்து உங்களையும் பிணைச்சுட்டாகளா?" என்று ஒருத்தி சிரித்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் நடக்கச் சொன்னார்கள்.

நடப்பதில் ஒரு தொந்தரவு இருந்தது. விடியற்காலையில் ஒரு பொம்பளை மதுரை ரோட்டில் சும்மா நடந்தால் பார்க்கிறவர்கள் எல்லாரும் நிறுத்தி, "எங்கக்கா இந்நேரத்துல? யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்று விசாரிக்கிறார்கள். ஒருநாள் காந்திகிராமம் ஸ்டாப்புக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்னால் பஸ் வந்தது. ஏதோ நினைப்பில் ஓடினாள். அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவளை யார் நிறுத்திக் கேட்பார்கள்? அன்றிலிருந்து அவள் நடப்பதை விட்டுவிட்டு ஒரு ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஓட ஆரம்பித்தாள். இதில் பாதிக்கப்பட்டவர்கள் கண்டக்டர்கள்தாம். பாவம் பார்த்துப் பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவள் கிட்ட வந்து, தாண்டி, போய்க்கொண்டே இருப்பாள்.

"யக்கா, ஏறலையா?"

"நீங்க போங்கப்பு, நான் வாரேன்."

கொஞ்ச நாளில் அவர்கள் நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். ஆரன் மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள்.

முதலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பிறகு சுடிதாருக்கு மாறினாள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் தமிழ்மதி ஒரு ஜோடி ஷூ வாங்கி அனுப்பிவிட்டு போனில், "ஊர் சிரிக்கப் போகுதும்மா" என்றாள். "சிரிக்கட்டும்டி. எனக்கு முழங்கால் மடங்குது, நிமிருது. அது போதும்" என்றாள் சரஸ்வதி.

ஆனால் அது மட்டும் போதவில்லை என்பது அவளுக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. முழங்கால் சரியான பிறகும் ஓடினாள். செட்டியபட்டிப் பிரிவு வரைக்கும் போய்த் திரும்பினாள். அப்புறம் அதற்கும் அப்பால் போனாள். ஏன் என்று சோலைமுத்து ஒருமுறை கேட்டான். வழக்கமாக அவளை வேலைக்குக் கூப்பிடும் தறிக்காரன் அவன். அவனுக்கு மட்டும்தான் அவள் காரணம் சொல்லியிருக்கிறாள்.

"பிணைக்கிறது நானு. நெய்யிறது நீயி. கட்டிக்கிறது எவளோ ஒருத்தி. நான் இதுவரைக்கும் ஒரு முழுச் சேல பாத்தது இல்ல தம்பி. ஓட்டம் ஒண்ணுதான் நானே ஆரம்பிச்சு நானே முடிக்கிறது."

அவள் ஓடும் விதத்தைப் பார்த்தால் புதியவர்களுக்குச் சிரிப்பு வரும். இரண்டு கைகளையும் மூடி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஓடுவாள், பொரி வாங்கிக்கொண்டு போகிற மாதிரி. அதற்கும் காரணம் உண்டு. ஓட ஆரம்பித்த மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் ரோட்டோரச் சேற்றில் வழுக்கி விழுந்து கையை ஊன்றிவிட்டாள். வலது மணிக்கட்டு வீங்கிப்போய் ஒரு மாதத்துக்கு மேல் இழையைத் தொட முடியவில்லை. அந்த மாதம் வீட்டில் வெஞ்சனம் இல்லாத சோறுதான். பார்க்க வந்த சோலைமுத்துவின் மனைவி பானுப்ரியா, "இந்தக் கையை வச்சுத்தான மதினி பொழப்பு. ஓட்டம் சோறு போடுமா?" என்று கேட்டாள். சரஸ்வதி மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுவாரமே ரோட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குள் பாயை விரித்துப்போட்டுக் கையை ஊன்றாமல் தோளில் விழுவதற்குப் பழகினாள் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அவள் அதை ஒத்துக்கொள்வதில்லை.

போன வருஷம் திண்டுக்கல்லில் நடந்த இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல்முறையாகப் பெயர் கொடுத்தாள். மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்குமேல் போனால் மெடல் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். நத்தம் ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே கூட்டத்தோடு கூட்டமாக ஓடினாள். ஓரிடத்தில் கூட்டம் திரும்பியது, அவளும் திரும்பினாள். வெகுதூரம் வந்த பிறகுதான் அவள் கண்ணுக்கு அது பட்டது: தன் நெஞ்சில் குத்தியிருந்த அட்டை மஞ்சள், சுற்றி ஓடியவர்களின் அட்டையெல்லாம் நீலம். நீலம், பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு. அவள் திரும்பியிருக்க வேண்டிய இடம் இன்னும் தள்ளி இருந்தது.

தண்ணீர் கொடுக்க நின்ற பையன் ஒருவன், "அப்படியே போயிருங்கக்கா, யாரும் பாக்க மாட்டாங்க. அவங்களோட சேந்து ஒரு மெடல் வாங்கிக்கலாம்" என்று யோசனை சொன்னான். அவள் நின்றாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். வந்த வழியே திரும்பி, எதிரே வருகிறவர்கள் விலக விலக, தப்பிய இடத்துக்குப் போனாள். அங்கிருந்து மறுபடி நேராக ஓடினாள்.

எல்லைக்கு அவள் வந்து சேர்ந்தபோது மேசையை மடித்து வேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஓட்டத்தை நடத்திய இளஞ்செழியன் என்பவர் மட்டும் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளிடம் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். அன்றைக்கு அவள் பஸ்ஸில் வீடு திரும்பினாள். "என்னக்கா, இன்னைக்கு ஏறிட்டீக?" என்றார் கண்டக்டர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெருவில் அந்தக் கதை ரொம்ப நாள் ஓடியது. அவளைவிட அதிகமாகவே ஓடியது. "கிடைச்சதை வாங்கிட்டு வரத் தெரியல" என்றார்கள். அவள் சொன்னது ஒன்றுதான்: "விட்ட எடத்துலதான் போய்ப் பிணைக்கணும். நடுவுல பிணைச்சா அது வேற சேல." சொல்லிவிட்டு மறுநாள் விடியற்காலையில் ரோட்டுக்குப் போனாள். ஒரு வருஷம் போனாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, இந்த வருஷத்து ஓட்டம்.

இன்று காலையில் சோலைமுத்து வீட்டுத் தறிக்குப் பின்னால் அவள் வந்து உட்கார்ந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. சனிக்கிழமை அவன் தறியில் பாவு தீர்ந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டுக்குச் சேலை போக வேண்டும். மஞ்சள் பையிலிருந்து சாம்பல் டப்பாவை எடுத்து வைத்தாள். பைக்குள் இரும்பு நட்டுகள் கலகலத்தன. தறி ஓரத்தில் தொய்கிற இழைகளில் கனம் கட்டித் தொங்கவிட அவள் எப்போதும் வைத்திருப்பவை அவை.

"யக்கா, நேத்து என்னதான் ஆச்சு?"

விரல் உருண்டது.

"வாயைத் தொறக்க வேணாம். ஆமா, இல்லைனு தலையையாவது ஆட்டு."

தலையும் ஆடவில்லை. அடுப்படியிலிருந்து பானுப்ரியா குரல் கொடுத்தாள்: "அதைப் போட்டுக் கொடையாதீக. முடிச்சிருந்தா நேத்தே தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். போன வருசம் மாதிரிதான் ஆயிருக்கும், பாவம்."

"வழி தப்பாமப் போனியாக்கா? அதையாச்சும் சொல்லு."

சரஸ்வதி சாம்பலைத் தொட்டாள்.

மத்தியானம் அவள் சாப்பிட எழுந்தபோதும் அவன் முகத்தைப் பார்த்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே அவள், "குழம்புல புளி செத்த கூட" என்றாள். பானுப்ரியா புருஷனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. தோற்றுவிட்டவளிடம் எத்தனை தடவை கேட்பது?

வெயில் இறங்கும் நேரத்தில் கடைசி இழை பிணைந்தது. சரஸ்வதி முன்பக்கம் வந்து, பழைய பாவைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். பிணைத்த இடங்கள் சாம்பல் நிறக் கோடாக நகர்ந்து வந்தன. இந்த இடத்தில்தான் அறுபடும். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு அச்சுக்குள் நுழைந்தது, இந்தப் பக்கம் வந்தது. ஒன்றும் அறுபடவில்லை.

சோலைமுத்து தறிக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து மிதிகட்டையை ஒருமுறை மிதித்துப் பார்த்தான். எல்லா இழைகளும் விறைப்பாக நின்றன. வலது கரையோரத்தில் மட்டும் நாலைந்து இழைகள் தொய்ந்திருந்தன.

"ஓரத்துல தொய்வு இருக்குக்கா. நட்டு ஒண்ணு கட்டி விடு."

அவள் பைக்குள் கையை விட்டாள். நட்டுகளைத் துழாவித் தள்ளிவிட்டு, அடியில் சுருட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். மஞ்சள் நாடாவில் கோத்த வட்டமான மெடல். தறிக்குப் பின்னால் போய், தொய்ந்த இழைகளைச் சேர்த்து அந்த நாடாவில் சுற்றித் தொங்கவிட்டாள். இழைகள் நிமிர்ந்தன.

அடுப்படி வாசலில் பானுப்ரியா கரண்டியோடு நின்றாள். சோலைமுத்து குழிக்குள்ளிருந்து எட்டி எட்டிப் பார்த்தான்.

"யக்கா..."

"நட்டைவிட இது கனம். சேல அறுக்கிற அன்னைக்குக் குடுத்தாப் போதும்" என்றாள் சரஸ்வதி.

முந்தானையில் விரல்களைத் துடைத்தாள். தறிமேல் கிடந்த, ஊடுநூல் ஓட்டும் ஓடத்தை எடுத்து, அதில் நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சோலைமுத்துவின் கையில் கொடுத்தாள்.